வீட்டுச் சாவியை பேங்க்கிடம் கொடுத்துவிட்டால் ஹோம் லோன் தீர்ந்துவிடுமா? கடனில் சிக்கியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மூன்று மாதமாக இஎம்ஐ கட்டவில்லை. காலையில் கலெக்‌ஷன் ஏஜென்ட் போன், மாலையில் பேங்க் எஸ்எம்எஸ். ஒரு பக்கம் கிரெடிட் கார்டு பாக்கி, இன்னொரு பக்கம் அடகுக்கடையில் இருக்கும் நகை. இந்த நிலைமையில் பலரும் வெறுத்துப்போய் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "வீட்டை நீங்களே எடுத்துக்கோங்க சார், எங்களை விட்டா போதும்."

அப்படிச் சொல்லி சாவியையும் கொடுத்துவிட்டால் கடன் அதோடு முடிந்துவிடுமா? முடியாது. வீடு போன பிறகும் கடன் மிச்சம் இருக்கலாம். அதை வசூலிக்க சட்டத்தில் வழியும் இருக்கிறது. அதற்காக வீட்டை விடவே கூடாது என்று அர்த்தமில்லை. சில குடும்பங்களுக்கு விடுவதுதான் சரியான முடிவு. ஆனால் எப்போது விடுகிறோம், எந்த வழியில் விடுகிறோம் என்பதில்தான் பல லட்சம் ரூபாய் வித்தியாசம் வருகிறது.

சாவி கொடுத்தும் கடன் ஏன் தீரவில்லை?

ஹோம் லோன் வாங்கும்போது நீங்கள் இரண்டு காரியம் செய்கிறீர்கள். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். அந்த வாக்குக்கு ஈடாக வீட்டுப் பத்திரத்தை பேங்க்கில் வைக்கிறீர்கள். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் பதிவாகி, வில்லங்கச் சான்றிதழில் 'எம்ஓடி' என்று வருகிறதே, அதுதான் இந்த அடமானம். ஈடாக வைத்ததைத் திருப்பிக் கொடுத்தாலும் முதல் வாக்கு அப்படியே நிற்கிறது.

பத்திரத்தை வைத்து வாங்கிய கடனில், கடன் கட்டவில்லை என்பதற்காக பேங்க் உங்கள் வீட்டை அப்படியே தன் சொத்தாக்கிக்கொள்ள முடியாது. அது வீட்டை விற்க வேண்டும். வந்த பணத்தில் முதலில் ஏலச் செலவு, பிறகு கடன் பாக்கி கழிக்கப்படும். மீதி இருந்தால் அது உங்களுக்கு. பத்தவில்லை என்றால் அந்தத் துண்டுத்தொகைக்கு நீங்கள்தான் பொறுப்பு. 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டத்தின் 13(10) பிரிவு, அந்த மீதியைக் கடன் வசூல் தீர்ப்பாயம் மூலமாகவோ நீதிமன்றம் மூலமாகவோ கேட்க பேங்க்குக்கு அனுமதி தருகிறது.

"அமெரிக்காவுல சாவியை கவர்ல போட்டு பேங்க்குக்கு அனுப்பிட்டு போயிட்டாங்களாமே?" என்ற கேள்வி வரும். உண்மைதான். 2008 நெருக்கடியில் அங்கே அதற்கு 'ஜிங்கிள் மெயில்' என்றே பெயர் இருந்தது. கலிஃபோர்னியா மாதிரி சில மாகாணங்களில், வசிக்க வாங்கிய வீட்டின் கடனுக்கு அந்த வீட்டைத் தாண்டி பேங்க் துரத்த முடியாதபடி சட்டம் இருக்கிறது. நம் ஊரில் அப்படி ஒரு பாதுகாப்பு கிடையாது. யூடியூபில் பார்த்ததை நம்பி இங்கே சாவியைக் கொடுத்தால் சிக்கல்தான்.

வீடு ஒன்று, கணக்கு இரண்டு

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். தாம்பரம் பக்கம் ஒரு ஃப்ளாட். 40 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருடம். இஎம்ஐ சுமார் 34,700 ரூபாய். ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டியாகிவிட்டது. மொத்தம் கட்டியது சுமார் 20.8 லட்சம். ஆனால் அசலில் குறைந்தது 4.75 லட்சம்தான். மீதி எல்லாம் வட்டி. கடன் இன்னும் 35.25 லட்சம் நிற்கிறது. "இருபது லட்சம் கட்டியிருக்கோமே, பாதி கடன் முடிஞ்சிருக்கும்" என்று நினைக்கும் குடும்பங்கள் முதலில் அதிர்ச்சி அடைவது இங்கேதான்.

இப்போது வேலை போகிறது, இஎம்ஐ நிற்கிறது. முடிவை உடனே எடுத்து, ஆறு மாதத்துக்குள் வீட்டை நீங்களே 48 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டியோடு கடன் சுமார் 37 லட்சம் ஆகியிருக்கும். அதை அடைத்து, புரோக்கர் கமிஷனும் போக 10 லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும். அதில் கிரெடிட் கார்டு பாக்கியை முடிக்கலாம், வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம், நகையையும் மீட்கலாம்.

அதே வீடு, அதே குடும்பம். போனை எடுக்காமல், நோட்டீஸைப் பிரிக்காமல் ஒன்றரை வருடம் ஓட்டியாகிவிட்டது. வட்டியோடு கடன் 40 லட்சம். அபராதக் கட்டணம், வக்கீல், மதிப்பீட்டாளர், பேப்பர் விளம்பரம் என்று சேர்த்து 41 லட்சம் என்று கொள்வோம். ஏலத்தில் 40 லட்சத்துக்குப் போனால் உங்களுக்கு ஒன்றும் இல்லை, ஒரு லட்சம் பாக்கி வேறு. முதல் ஏலத்துக்கு யாரும் வராமல், விலையைக் குறைத்து இரண்டாவது ஏலத்தில் 36 லட்சத்துக்குப் போனால் 5 லட்சம் கடன் தலையில் இருக்கும். வீடும் இருக்காது.

ஏலத்தில் விலை ஏன் இறங்குகிறது? வாங்க வருபவருக்கு உள்ளே போய்ப் பார்க்க வாய்ப்பு குறைவு. 'இருக்கும் நிலையில், இருக்கும் இடத்தில்' என்ற நிபந்தனை. வழக்கு ஏதாவது வருமோ என்ற பயம் வேறு. அதற்கெல்லாம் சேர்த்துத்தான் அவர் குறைத்துக் கேட்கிறார்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

தவணை 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் அந்தக் கடன் வாராக் கடன் ஆகிறது. அதுவரை பேங்க் மேனேஜருக்குக் கொஞ்சம் கை நீளம். தவணைக் காலத்தை நீட்டிக்கலாம், கடனைச் சீரமைக்கலாம். 90 நாள் தாண்டிவிட்டால் ஃபைல் பெரும்பாலும் வசூல் பிரிவுக்குப் போய்விடும். அங்கே இருப்பவர்களுக்கு உங்கள் முகம் தெரியாது, எண்தான் தெரியும்.

அடுத்து வருவது 13(2) நோட்டீஸ். மொத்தக் கடனையும் 60 நாளில் கட்டச் சொல்லும். இதை எதிர்த்து நேராகத் தீர்ப்பாயம் போக முடியாது. ஆனால் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம், பேங்க் 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். கணக்கு தப்பு, கட்டிய தொகை வரவு வைக்கப்படவில்லை என்பதையெல்லாம் சொல்ல வேண்டிய இடம் இதுதான். இந்த நோட்டீஸில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இது கைக்கு வந்த பிறகு பேங்க்கின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது.

60 நாள் முடிந்தால் சுவாதீன நோட்டீஸ். வீட்டு வாசலில் ஒட்டுவார்கள். ஏழு நாளுக்குள் இரண்டு பேப்பரில் விளம்பரம், அதில் ஒன்று உள்ளூர் மொழியில். அக்கம்பக்கத்துக்கும் சொந்தபந்தத்துக்கும் விஷயம் தெரிவது இந்த நாளில்தான். பல குடும்பங்கள் உடைந்துபோவதும் இங்கேதான். ஆனால் இது பெரும்பாலும் காகித அளவிலான சுவாதீனம். நீங்கள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறீர்கள். இதை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் இந்தத் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. முன்பு மனு போடவே கடனில் 75% கட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னது. 2004-ல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

நீங்களாக வெளியேறவில்லை என்றால் பேங்க் மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமை மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கும். போலீஸ் பாதுகாப்போடு வந்து பூட்டை உடைப்பது இந்தக் கட்டத்தில்தான். பிறகு மதிப்பீடு, குறைந்தபட்ச விலை, ஏல அறிவிப்பு. முதல் ஏலத்துக்கு 30 நாள் அவகாசம் கொடுத்து உங்களுக்கு நோட்டீஸ் தர வேண்டும்.

ஒரு கட்டத்தை மட்டும் தனியாகக் குறித்துவைத்துக் கொள்ளுங்கள். முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். "ஏலத்தன்னிக்கு காலைல கொண்டுபோய் கட்டிடலாம்" என்பது பழைய கதை. 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2023 செப்டம்பரில் செலிர் - பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. மாமனார் நிலத்தை விற்றுப் பணம் தருகிறார் என்றாலும் அந்தத் தேதிக்கு முன்னால் வர வேண்டும்.

எல்லாக் கடனுக்கும் இந்தச் சட்டம் பாயாது. ஒரு லட்சத்துக்குள் உள்ள கடன், விவசாய நிலத்தின் மீதான அடமானம், அசலும் வட்டியும் சேர்ந்ததில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி உள்ள கடன் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. 16 வருடம் கட்டிவிட்டு கடைசியில் தடுமாறுபவர்கள் இந்த 20% கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

விடுவதா, பிடித்துவைப்பதா?

இந்தக் கேள்விக்குப் பதில் பேங்க்கில் இல்லை, வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து போடும் கணக்கில்தான் இருக்கிறது. வருமானம் தற்காலிகமாக நின்றிருக்கிறதா, இல்லை இனிமேல் இவ்வளவுதானா? விபத்தில் கால் உடைந்து நாலு மாதம் வேலைக்குப் போகாதவர் வேறு, மூடப்பட்ட கம்பெனியில் ஐம்பது வயதில் வேலை இழந்தவர் வேறு. முதலாமவர் தவணையைச் சீரமைக்கச் சொல்லி பேங்க்கிடம் எழுதிக் கேட்க வேண்டும். இரண்டாமவர், புது வருமானத்தில் இஎம்ஐ போக அரிசி பருப்புக்கு மிஞ்சாது என்றால், வீட்டை விற்பதைப் பற்றி முதல் தவணை தவறும் மாதத்திலேயே யோசிக்க வேண்டும்.

கடைசித் தாலிக்கொடியையும் அடகு வைத்து மூன்று மாத இஎம்ஐ கட்டுவது பாசத்தில் செய்யும் காரியம். நாலாவது மாதம் என்ன செய்வது என்ற பதில் இல்லாவிட்டால், வீட்டோடு நகையும் போகும். கந்துவட்டிக்கு வாங்கி ஹோம் லோன் கட்டுவது அதைவிட மோசம். வருடத்துக்கு 8.5% கடனை அடைக்க மாதத்துக்கு 5%, 10% என்று வாங்குவதில் எந்தக் கணக்கும் நிற்காது. அநியாய வட்டி வாங்குவதைத் தடுக்க தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வாசலில் வந்து கத்துபவன் சட்டம் படித்துவிட்டு வருவதில்லை.

வீட்டுக்காரர் இறந்துபோய் இஎம்ஐ நின்ற குடும்பங்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். லோன் கொடுக்கும்போதே பல இடங்களில் இன்ஷூரன்ஸ் பாலிசியையும் சேர்த்து விற்றிருப்பார்கள். லோன் ஃபைலில் அது இருந்தால், கடனின் பெரும்பகுதியோ முழுவதுமோ அதிலேயே அடைய வாய்ப்பு உண்டு.

அடமானத்தில் இருக்கும் வீட்டை எப்படி விற்பது?

"பத்திரம் பேங்க்ல இருக்கே, எப்படி விக்கிறது?" என்றுதான் பலரும் சும்மா இருந்துவிடுகிறார்கள். தினமும் இப்படி வீடுகள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

முதலில் பேங்க்கில் இரண்டு காகிதம் வாங்க வேண்டும். கடனை முடிக்க இன்றைய தேதியில் எவ்வளவு என்று சொல்லும் ஃபோர்குளோஷர் லெட்டர் ஒன்று. அவர்களிடம் இருக்கும் பத்திரங்களின் பட்டியல் இன்னொன்று. (ஃபோர்குளோஷர் என்ற வார்த்தையைக் கேட்டு பயப்பட வேண்டாம். அமெரிக்காவில்தான் அது வீட்டைப் பறிப்பதைக் குறிக்கும். நம்மூர் பேங்க்கில் கடனை முன்கூட்டியே முடிப்பதற்குப் பெயர் அது.) மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய ஹோம் லோனை முன்கூட்டி முடிக்க அபராதம் கிடையாது.

வாங்குபவரும் லோன் போட்டு வாங்குகிறார் என்றால் வேலை எளிது. அவருடைய பேங்க், உங்கள் கடன் பாக்கியை நேராக உங்கள் பேங்க்குக்குச் செலுத்திவிட்டு பத்திரத்தை வாங்கிக்கொள்ளும். ரொக்கமாக வாங்குபவர் என்றால், பணத்தை உங்கள் கையில் தராமல் லோன் கணக்கிலேயே கட்டுவதுபோல ஒப்பந்தம் போடலாம். அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் பாதுகாப்பு. கடன் முடிந்ததும் எம்ஓடி-யை ரத்து செய்யும் ரசீது பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு கிரயம்.

நோட்டீஸ் வந்த பிறகும் இந்த வழி மூடிவிடுவதில்லை. "நானே ஆள் பார்த்து விற்றுக் கட்டுகிறேன், இத்தனை நாள் அவகாசம் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்து சம்மதம் கேட்கலாம். கையில் ஒரு நிஜமான வாங்குபவர் இருந்தால், ஏலத்தை விட இதையே விரும்பும் அதிகாரிகள் உண்டு. அவர்களுக்கும் ஃபைல் சீக்கிரம் முடிந்தால் சரி.

இந்த நேரத்தில்தான் சில 'உதவிக்காரர்கள்' வருவார்கள். "பவர் பத்திரம் மட்டும் எழுதிக் கொடுங்க, மிச்ச இஎம்ஐயை நான் கட்டிக்கிறேன்" என்பார்கள். லோன் உங்கள் பெயரில்தான் இருக்கும். அவர் கட்டாவிட்டால் சிபில் அடிபடுவது உங்களுக்கு, நோட்டீஸ் வருவதும் உங்களுக்கு. வீட்டில் மட்டும் அவர் இருப்பார்.

ஒப்படைப்புக் கடிதம் எழுதினால் லாபமே இல்லையா?

சில நேரம் உண்டு. வீட்டின் விலை கடனை விடக் குறைந்துவிட்டது, வாங்க ஆளும் இல்லை என்றால், தானாகவே சுவாதீனம் கொடுப்பது பூட்டு உடைப்பையும் கூடுதல் செலவையும் மிச்சப்படுத்தும். ஆனால் அதை இலவசமாகக் கொடுக்காதீர்கள். அந்தக் கடிதம்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பேரம்.

ஒருமுறைத் தீர்வு எனப்படும் ஓடிஎஸ் பேச்சில் இதை வைத்துக் கேட்கலாம்: வீட்டை அமைதியாகத் தருகிறோம், விற்ற பிறகு துண்டு விழுந்தால் அதைத் தள்ளுபடி செய்ய வேண்டும். பேங்க் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒப்புக்கொண்டால் அது அந்த பேங்க்கின் லெட்டர்ஹெட்டில், தொகை, தேதி, "மேற்கொண்டு பாக்கி இல்லை" என்ற வாசகத்தோடு இருக்க வேண்டும். "சார் வாயால சொன்னாரு" என்பது தீர்ப்பாயத்தில் செல்லாது. அந்த சாருக்கு அதற்குள் டிரான்ஸ்ஃபரும் ஆகியிருக்கும்.

கடிதத்தில் வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். சாமான்களை எடுத்துக்கொள்ளும் தேதி, வீட்டின் நிலைமை, சாவி கொடுத்த நேரம் எல்லாம் எழுதி, ஒப்புகை வாங்குங்கள். போட்டோ எடுத்துவைப்பதும் நல்லது.

இதற்கு நடுவில் "மஞ்ச நோட்டீஸ் கொடுத்துட்டா எல்லாம் முடிஞ்சுது" என்று யோசனை சொல்பவர்களும் இருப்பார்கள். திவால் மனு கொடுத்தாலும், அடமானம் வைத்திருக்கும் பேங்க் அந்த வீட்டை விற்கும் உரிமையை இழப்பதில்லை. ஜாமீன் இல்லாத கைக்கடன்களில் சிக்கியவர்களுக்கு அது வேறு கதை. வீட்டைக் காப்பாற்றும் வழியாக அதை நினைக்க வேண்டாம்.

மனைவி பெயரும் லோனில் இருந்தால்?

சம்பளக் கணக்கைக் கூட்டிக் காட்டுவதற்காக மனைவி, அப்பா, தம்பி என்று பலரையும் இணைக் கடன்தாரராகச் சேர்த்திருப்பார்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்ட நண்பரும் இருக்கலாம். துண்டு விழும் தொகைக்கு இவர்கள் எல்லோருமே பொறுப்பு. அவர்களுடைய சிபில் ஸ்கோரும் சேர்ந்தே அடிபடும். வீட்டை விடும் முடிவை அவர்களுக்குச் சொல்லாமல் எடுப்பது அதனாலேயே நியாயமில்லை. கணவர் மறைத்துவைத்த நோட்டீஸை வாசலில் ஒட்டிய பிறகே மனைவி பார்ப்பது நிறைய வீடுகளில் நடக்கிறது.

சிபில் அறிக்கையில் முழுப் பாக்கியும் கட்டி முடித்தால் 'குளோஸ்டு' என்று வரும். ஓடிஎஸ்-ல் குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்று வரும். இரண்டாவது வார்த்தையைப் பார்க்கும் அடுத்த பேங்க் பல ஆண்டுகளுக்குத் தயங்கும்.

பெண்களுக்கு ஒரு வழி பலருக்கும் தெரிவதில்லை. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மனைவி இணைக் கடன்தாரராக இருந்தால் இந்த வழியில் வக்கீல் கிடைக்க வாய்ப்புண்டு.

ஏஜென்ட் மிரட்டினால்?

வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கெட்ட வார்த்தை, மிரட்டல், பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வது எதற்கும் அனுமதி இல்லை. முதலில் பேங்க்கில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448. அவர் கடனைத் தள்ளுபடி செய்யமாட்டார், நடத்தையைத்தான் விசாரிப்பார்.

விற்று முடித்த பிறகு

வீடு கைமாறிய அசதியில் பலரும் கடைசி வேலைகளை விட்டுவிடுகிறார்கள். லோன் கணக்கு பூஜ்யம் ஆனதற்கான கடிதத்தை வாங்கி, இஎம்ஐ தானாகப் பிடிக்கும் உத்தரவை சேமிப்புக் கணக்கில் ரத்து செய்ய வேண்டும். ஏலத்தில் போயிருந்தால் விற்ற தொகை, கழித்த செலவு, மீதி எவ்வளவு என்ற கணக்கை எழுதிக் கேளுங்கள். மிச்சப்பணம் இருந்தால் அது உங்களுடையது. வாங்கிய விலையை விட அதிக விலைக்குப் போயிருந்தால், விற்றது பேங்க்காக இருந்தாலும் மூலதன ஆதாய வரி உங்கள் கணக்கில்தான் வரும். ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடனை முழுதாக அடைத்தவர்களுக்கு 30 நாளில் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். பேங்க்கின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்து, இன்னும் பாக்கி என்றே காட்டினால் அந்தக் கடிதத்தை இணைத்துத் திருத்தக் கேளுங்கள். அடுத்த வாடகை வீட்டில் டிவி, ஃபிரிட்ஜ் தவணைக்கு வாங்கப் போகும்போதுகூட முதலில் பார்ப்பது அதைத்தான்.